திறமை போதாதவர்கள்

நவம்பர் 24

அன்புள்ள இகுயேவுக்கு, ஹோனாமி எழுதிக்கொள்வது.

இங்கே ஏரியில் மூடுபனி இறங்கிவிட்டது. கணப்பு மேசையை எடுத்துப் போட்டு, அதன் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். அங்கே பூமியின் தென்கோடியில், ஹோபார்ட் மட்டிப் பண்ணையில் உனக்கு வெயில் காலம் தொடங்கியிருக்கும். பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன், முறை முடிந்தது. இனி மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். பேசினால் நீ நாலு தடவை மன்னிப்புக் கேட்பாய், பதிலுக்கு நானும் கேட்பேன், அதற்குள் எனக்கு வகுப்புக்கு மணியடித்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் சிரிக்க ஒரு செய்தி. என்னை ஒரு மதிப்பீட்டுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஆய்வு மேம்பாட்டு வாரியம் முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறதே, நீ வாங்கினாயே, அதேதான். அரசாங்கம் இத்தனை வருஷம் கொடுத்ததில் என்ன பலன் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். குழுவில் எல்லாம் பெரிய தலைகள். நடுவில் நான் எப்படி என்று கேட்பாய். பெண் ஒருவர் வேண்டும், டோக்கியோவுக்கு வெளியே இருந்து ஒருவர் வேண்டும், வயசு குறைந்தவர் ஒருவர் வேண்டும். மூன்று பேருக்கு ரயில் டிக்கெட் எடுப்பானேன் என்று ஒரே ஆளாகப் பிடித்துவிட்டார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்றால் நான்தான்.

போன வாரம் முதல் கூட்டம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பெயர்ப் பலகை, ஒரு தேநீர் பாட்டில். தலைவர் திறக்கும் வரை யாரும் பாட்டிலைத் திறக்கமாட்டார்கள். தலைவர் குஜிராவோக்கா சென்செய் கடைசி வரை திறக்கவே இல்லை. தொண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் எல்லாரும் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். குழு எப்படிப்பட்டது என்று உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வாரியத்தின் பக்கத்திலிருந்து புள்ளிவிவரமும் கூட்டக் குறிப்பும் தயாரிக்கிறவர் தெஷிமா சான் என்று ஒருவர். எண்ணெய் தடவியது போலப் பணிவு. அவர் திரையில் ஒரு படம் போட்டார். உதவித்தொகையைப் பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று ஒரு வட்டத்தை வண்ணம் வண்ணமாக வெட்டி வைத்திருந்தார். உடல்நலம் ஒரு துண்டு. வேலை கிடைத்தது ஒரு துண்டு. ‘பிற காரணங்கள்’ என்று மெலிசாக ஒரு கீற்று. மிச்சமெல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘திறமை போதாமை’.

நான் கையைத் தூக்கினேன். “நான் இதைச் சரியாப் படிக்கல, மன்னிக்கணும்” என்று ஆரம்பித்துத்தான் கேட்டேன். நம் பழைய பேராசிரியர் எந்தக் கருத்தரங்கிலும் அப்படி ஆரம்பித்தால் நாமெல்லாம் குறிப்பேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? சரியாகப் படிக்கவில்லை என்று அவர் சொன்னால் மூன்று தடவை படித்துவிட்டு வந்திருக்கிறார், இன்றைக்கு ஒருவன் தொலைந்தான் என்று அர்த்தம். நானும் அந்தக் கணக்கில்தான் கேட்டேன். திறமை போதாது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்றேன். தெஷிமா சான் எழுந்து குனிந்தார். விட்டுப்போகும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் காரணம் கேட்கிறோம், அவர்கள் வாயாலேயே சொன்னதுதான் என்றார்.

வாயாலேயே சொன்னதாம்! இகுயே, நீ சொன்ன அன்றைக்கு நான் வெளியே தாழ்வாரத்தில் உன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே வரிசையாக உட்கார்ந்து, ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உன் அப்பா பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடந்தார். அவருடைய மட்டிப் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா மட்டி உரிக்கப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும், அப்பாவுக்குச் சோறு ஊட்டவும் புரட்டிப் போடவும் உன்னை விட்டால் ஆளில்லை. நீ விடுப்பில் போனாய். மூன்று மாதத்துக்கு மேல் விடுப்பு எடுத்தால் உதவித்தொகை தானாகவே ரத்து என்பது வாரியத்தின் விதி. நாலாவது மாதம் ரத்தாகிவிட்டது. இதையெல்லாம் சொல்வாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ சொன்னது ஒரே வரி. “எல்லாம் என்னோட திறமை போதாததுதான். ரொம்ப மன்னிக்கணும்.” அவர்கள் குனிந்தார்கள், நீயும் குனிந்தாய், முடிந்தது. அப்புறம் கேன்டீனில் ஊடோன் நூடுல்ஸ் சாப்பிட்டோம். சூப் நல்ல சூடு என்று சொல்லி நீ சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நம் ஜனங்களில் எதை விட்டுக் கிளம்புகிறவரும் அதைத்தானே சொல்கிறார்கள். கடையை மூடுகிறவன் சொல்கிறான், நிச்சயமான கல்யாணத்தை முறிக்கிறவள் சொல்கிறாள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதற்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். அதைப் போய் எண்ணியிருக்கிறார்கள். எண்ணி, வட்டம் போட்டு, சிவப்பு அடித்திருக்கிறார்கள். அந்தச் சிவப்புக்குள் நீயும் இருக்கிறாய். நம் ஆய்வகத்தில் மட்டி ஓட்டின் வளையங்களை உன்னைப் போல் படிக்கத் தெரிந்தவர் யார் இருந்தார்? உன்னுடைய ஓட்டு மாதிரிகள் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கின்றன. தண்ணீர் கெட்டுப்போன வருஷத்தில் ஓட்டில் வளையம் மெலிந்துவிடும், தண்ணீர்தான் கெட்டது என்று எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மட்டி மன்னிப்புக் கேட்பதில்லை.

இதைத்தான் கொஞ்சம் நாசூக்காகக் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை அது என்றேன். குஜிராவோக்கா சென்செய் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அவங்களே அப்படிச் சொல்லியிருக்கறப்ப, இல்லைன்னு நாம எழுதினா அவங்களை மதிக்காத மாதிரி ஆயிடும், இல்லையா?” என்றார். சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஆடின. அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வார்த்தையின் பொருள் தெரியாமல் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வெறும் வயிற்றெரிச்சலாக இருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். மார்ச் மாதம் இந்தக் குழு ஒரு முடிவு சொல்ல வேண்டும். அந்த மூன்று மாத விதி இருக்கட்டுமா, போகட்டுமா? போனால், வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் உதவித்தொகையை ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பி வந்து தொடரலாம். ஆனால் விட்டவர்கள் எல்லாம் திறமை இல்லாமல்தான் விட்டார்கள் என்றால் விதியை எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

என் மாணவி வகானாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஓக்கி தீவுக்காரி, அதிகம் பேசமாட்டாள், சிரித்தால் ஆய்வகமே திரும்பிப் பார்க்கும். அவள் அம்மாவுக்கு வயிற்றில் புற்று. அங்கே தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பஸ், பிறகு கப்பல், திங்கள்கிழமை காலையில் வெளிறிய முகத்தோடு நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். இப்படி எத்தனை நாளைக்கு? ஏப்ரலிலிருந்து முழுதாகப் போயே ஆக வேண்டும். விதி மாறினால் அடுத்த வருஷம் திரும்பி வந்து முடிப்பாள். மாறாவிட்டால் உன் கதைதான்.

ஆகவே கேட்கிறேன். உதவித்தொகையை விட்டவர்களில் ஒருவரையாவது நேரில் கேட்கலாமே என்று நச்சரித்து, பிப்ரவரிக் கூட்டத்தில் கால் மணி நேரம் வாங்கிவிட்டேன். திரையில் நீ வர வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை. முதலிலும் சரி, முடிவிலும் சரி, மன்னிப்புக் கேட்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வலை அலசும்போது கையுறை போடு.

என்றும் உன்,
ஹோனாமி


ஜனவரி 19

அன்புள்ள இகுயேவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து பிந்திப்போய்ச் சொல்கிறேன். உன் கடிதம் வந்தது. அதில் முதல் பத்தி முழுக்க மன்னிப்பு. கடைசிப் பத்தியும் மன்னிப்பு. நடுவில் வர முடியாது என்று ஒரு வரி. உன்னை என்ன செய்தால் தகும்?

நீ எழுதிய காரணங்களை மறுபடி படித்தேன். இத்தனை வருஷம் கழித்துக் கிளறினால் ஓய்வு பெற்ற நம் பேராசிரியர் மனம் வருந்துவார் என்கிறாய். அவர் இப்போது தோட்டத்தில் முள்ளங்கி போடுகிறார், காது மந்தம், ஒன்றும் வருந்தமாட்டார். ஊரில் அம்மா காதுக்குப் போகும் என்கிறாய். போகட்டுமே. உன் அம்மாவுக்கு நீ எதற்காகப் படிப்பை விட்டாய் என்று உன்னைவிட நன்றாகத் தெரியும். உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருப்பார்கள், நீ போய்ப் பேசுவது அகங்காரம் என்கிறாய். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள், இகுயே. எல்லாரும் அவரவர் இடத்தில் குனிந்துகொண்டே இருந்தால் தெஷிமா சானுக்குச் சிவப்பு மையிலேயே செலவு போய்விடும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் உன் மேல் இல்லை.

இங்கே முழங்கால் வரை பனி. துறையின் பழைய வெப்பக் குழாய் மறுபடி வெடித்து இரண்டு நாள் எல்லாரும் கோட்டோடு வேலை பார்த்தோம். அம்மா புத்தாண்டுக்கு அரிசி இடித்து மோச்சி செய்து அனுப்பினாள், உனக்கென்று எடுத்துவைத்ததை நானே தின்றுவிட்டேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது, ஒன்றைத் தவிர.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க ஆய்வகத்துக்குத் திரும்பினேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வகானா மட்டும் மாதிரிகளை வைக்கிற பெரிய ஃப்ரீசர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கைகளைத் தொடையோடு ஒட்டி, முதுகை வளைத்து, அந்த ஃப்ரீசரைக் கும்பிடுகிறவள் மாதிரிக் குனிந்தாள். பிறகு மெதுவான குரலில், “எல்லாம் என்னோட திறமை போதாததுதான். ரொம்ப மன்னிக்கணும்” என்றாள். நிமிர்ந்தாள். திருப்தி இல்லை போல. இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்து மறுபடி சொன்னாள்.

நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்கிறாள், இகுயே. இன்னும் விதி முடிவாகவில்லை. அதற்குள் பெண் தயாராகிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு ஓடிப்போய் அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடியை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு மணி வகுப்பில் என் குறிப்பே என் கண்ணுக்குத் தெரியாமல் தட்டுத் தடுமாறினேன்.

நீ குனிந்ததை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இவள் குனிவதையும் பார்த்தாயிற்று. மூன்றாவதாக ஒருத்தியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உன்னால் நீளமாகப் பேச முடியாது என்றால் வேண்டாம். மூன்றே வாக்கியம் போதும். அப்பாவுக்கு என்ன ஆயிற்று, விதி என்ன செய்தது, விடுப்பு கிடைத்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய். வகானாவும் பார்வையாளர் வரிசையில் வந்து உட்காரப்போகிறாள், கூட்டிக்கொண்டு வருகிறேன். எனக்காக இல்லை. அவள் ஒரு தடவையாவது வேறு மாதிரி ஒரு பேச்சைக் கேட்கட்டும். தயவுசெய்து வா.

உன்,
ஹோனாமி


மார்ச் 28

அன்புள்ள இகுயேவுக்கு,

பிளம் பூத்து முடிந்துவிட்டது. செர்ரி இன்னும் ஒரு வாரத்தில் மலரும் என்று டிவியில் சொல்கிறார்கள். மலர்ந்தால் என்ன, மலராவிட்டால் என்ன.

ஒரு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. நீ போனில் கேட்டபோதெல்லாம் இன்னும் முடிவு வரவில்லை என்று சொன்னேன். முடிவு வந்து இரண்டு வாரம் ஆகிறது.

முதலில் உன்னைப் பற்றி எழுத வேண்டும். நீ அன்றைக்குத் திரையில் வந்தாய். பின்னால் தண்ணீர்த் தொட்டிகள், நீ ரப்பர் மேலங்கிகூடக் கழற்றவில்லை. தெஷிமா சான் வழக்கம்போல நன்றியெல்லாம் சொல்லிவிட்டு, விட்டதற்கான காரணத்தைச் சொல்லும்படி கேட்டார். உன் தலை தாழ்ந்தது. போச்சு, சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நீ நிமிர்ந்துவிட்டாய்.

“எனக்குத் திறமை இருந்துச்சு. அப்பாவுக்குச் சோறு ஊட்ட வேற ஆள்தான் இல்ல. ஒரு வருஷம் பொறுத்திருந்தீங்கன்னா நான் திரும்பி வந்து முடிச்சிருப்பேன். நீங்க பொறுக்கல.”

அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்த அறையில் அப்படி ஒரு பேச்சு இதற்கு முன் விழுந்திருக்காது. குஜிராவோக்கா சென்செய் தேநீர் பாட்டிலைத் திறந்து குடித்தார் என்றால் பார்த்துக்கொள். அவர் திறந்ததும் மேசை முழுக்க மூடி திருகுகிற சத்தம். வகானாவைத் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண் மட்டும் திரையை விட்டு அசையவில்லை.

உன் கால் மணி நேரம் முடிந்து திரையை அணைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு உறுப்பினராகக் கருத்துச் சொன்னார்கள். பூசி மெழுகினார்கள் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. இந்தப் பேச்சுக்காக நான் ஒரு மாதம் தயாரித்திருந்தேன். வாரியத்தின் பழைய அறிக்கைகளை வரிவரியாகப் படித்திருந்தேன். விதி இல்லாத மற்ற நாடுகளில் எத்தனை பேர் திரும்பி வந்து முடிக்கிறார்கள் என்று பார்த்து வைத்திருந்தேன். அந்த அறையில் அந்த விஷயத்தை என்னளவு படித்தவர் ஒருவரும் இல்லை. எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

“நான் இதைச் சரியாப் படிக்கல, மன்னிக்கணும். ஆனா...”

ஆமாம், இகுயே. அதே வாய்தான். உனக்கு இரண்டு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்காதே, மன்னிப்புக் கேட்காதே என்று புத்தி சொன்ன அதே வாய். சொன்னது எனக்கே உறைக்கவில்லை. மேற்கொண்டு வெளுத்துக் கட்டினேன். சிவப்பு வட்டம் எவ்வளவு பெரிய பொய் என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஒருவர் குறிப்புகூட எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். திரும்பும்போது ரயில் நிலையத்தில் நல்ல கானாங்கெளுத்தி சூஷி வாங்கி வகானாவுக்கும் எனக்குமாகப் பிரித்துச் சாப்பிட்டோம். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

இரண்டு வாரத்தில் இறுதி அறிக்கையும் கூட்டக் குறிப்பும் வந்தன. உன் பேச்சு ‘தனிப்பட்ட குடும்பச் சூழ்நிலை’ என்று ஒரு வரியில் முடிந்திருந்தது. விதியை நீக்க வேண்டும் என்ற என் கருத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். ‘உறுப்பினர் இப்பொருளைப் போதிய அளவு ஆராயவில்லை எனத் தாமே தெரிவித்தார். எனவே கருத்து குறிப்பாக மட்டும் ஏற்கப்பட்டது.’ விதி அப்படியே இருக்கிறது. அடுத்த மதிப்பீட்டில் மறுபடி பார்ப்பார்களாம். அது ஐந்து வருஷம் கழித்து.

தெஷிமா சானைப் போனில் பிடித்தேன். நாம் எல்லாரும் எந்தக் கேள்வியையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம், அது உங்களுக்குத் தெரியாதா என்று கத்தினேன். தெரியும் என்றார். அதை அவர் ஒப்புக்கொண்டார், இகுயே! “தெரியும் சென்செய். ஆனா நீங்க சொன்னதைத்தானே நான் எழுத முடியும். நீங்க நினைச்சதை எழுதினா தப்பாயிடும் இல்லையா?” திருத்துங்கள் என்றேன். தலைவர் கையெழுத்தான பிறகு முடியாது, தன் கவனக்குறைவுக்கு மிகவும் மன்னிக்க வேண்டும் என்றார். எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டார் தெரியுமா? அவர் கேட்கிற மன்னிப்பு எந்த வட்டத்திலும் ஏறாது. உன்னுடையதும் என்னுடையதும்தான் ஏறும்.

வகானாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

நேற்று அவளுக்கு வெளியேறும் நேர்காணல். அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு அதே தாழ்வாரத்தில் நின்றேன். அந்தக் கதவை இன்னும் சரி செய்யவில்லை. ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். “அம்மாவைப் பாத்துக்க ஆள் இல்ல. நீங்க விடுப்பு குடுத்திருந்தா முடிச்சிருப்பேன்” என்றாள். உள்ளே எல்லாரும் காத்திருந்தார்கள். மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்றுகூட எடுத்துக்கொடுத்தார். இல்லை என்றாள். குனியவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்து என்னிடமிருந்து கோட்டை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் அவளைப் ‘பிற காரணங்கள்’ என்ற கீற்றில் சேர்ப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து யாராவது அந்த வட்டத்தைப் பார்க்கும்போது அந்தக் கீற்று ஒரு மயிரிழை தடிமனாக இருக்கும். நாம் மூன்று பேரும் சேர்ந்து செய்தது அவ்வளவுதான். அவளுடைய ஓட்டு மாதிரிகளை உன்னுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த இழுப்பறை நிறைந்துவிட்டது, இனி வேறு இழுப்பறை தேட வேண்டும்.

போகிறபோது அவள் உன்னைப் பற்றித்தான் கேட்டாள். அந்த அக்கா திரையில் பேசினாரே, அவர் இங்கே படித்தபோதும் அப்படித்தான் பேசுவாரா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான், இருக்கட்டும்.

இகுயே, இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலிலும் முதல் வரியிலேயே ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்லித் தேய்த்துவிட்ட வார்த்தை. பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதுதான், அடுத்தவர் தலையை எடுத்தாலும் அதுதான். உனக்கு அதை நெஞ்சாரச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது என் கையில் அது செல்லாத காசாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை. எழுதவில்லை என்பதால் இல்லை என்று நினைத்துவிடாதே.

இதற்குப் பதில் எழுது. பரவாயில்லை என்று எழுதாதே. உன் மேல் தப்பில்லை என்றும் எழுதாதே. இத்தனை வருஷத்தில் நீ என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. இந்த ஒரு தடவை, அன்றைக்குத் திரையில் நிமிர்ந்து பேசினாயே, அந்தக் குரலிலேயே என்னைத் திட்டி எழுது. நான் வாசலிலேயே நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றாக இரு. கையுறை போட்டுக்கொள்.

உன்,
ஹோனாமி